நோர்வே மலைகளில் கோடை நடையும் கூடாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் பிறந்தால் எனக்குத் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். ஒஸ்லோவிலும் பேர்கனிலும் இருக்கிற சொந்தக்காரர், பிள்ளைகளின் நண்பர்களுடைய பெற்றோர், வேலைக்கென்று புதிதாக வந்த தம்பி தங்கைகள் என்று ஆட்கள்தான் மாறுவார்கள், சந்தேகங்கள் மாறாது. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொருவருக்கும் திரும்பச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. மலை விஷயத்தில் விட்டுப்போவது நல்லதல்ல என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

"அக்கா, ஜூன் நடுவில லீவு. மலைக்குப் போகலாம்தானே, கோடைதானே?"

ஜூன் நடுவில் ஒஸ்லோவில் கடற்கரையில் படுத்திருக்கலாம். ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால் பல இடங்களில் பனியில்தான் கால் வைக்க வேண்டும். பேர்கன் ரயில் பாதையில் 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே என்றொரு நிலையம் இருக்கிறது. ஜூலை தொடக்கத்தில் இறங்கினாலும் அதைச் சுற்றிப் பனித்திட்டுகள் கிடக்கிற வருடங்கள் உண்டு. யூத்துன்ஹைமன் போன்ற உயர்ந்த பகுதிகளில் ஆளிருக்கும் குடில்கள் பெரும்பாலும் ஜூன் கடைசியில்தான் திறக்கும். ஆறுகளின் மேல் கோடைக்கென்று போடும் பாலங்களும் அந்த நேரத்தில்தான் வரும். ஆகவே ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் மலைச்செடிகள் சிவந்து கிடக்கும் அழகைச் சொல்லி முடியாது, ஆனால் இரவில் உறையும்.

ஒரு கணக்கை மனதில் வைத்திருங்கள். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.65 பாகை குறையும். ஒஸ்லோவில் 25 பாகை என்றால் ஃபின்சேயில் 17 அளவில் இருக்கும். அதோடு காற்றும் மழையும் சேர்ந்தால் உடம்புக்கு அது 17 ஆகத் தெரியாது. ஜூலையிலேயே மேலே பனி கொட்டிப் பார்த்திருக்கிறேன்.

"முதல் தடவை போறோம். ட்ரோல்துங்கா போட்டோ பார்த்தோம், நேரா அங்கேயே போயிடலாமா?"

படத்தில் தெரிவது பாறையின் நுனி மட்டும். அதற்கு ஷெக்கடாலிலிருந்து போய்வர ஏறக்குறைய 27 கிலோமீட்டர், 10 முதல் 12 மணி நேரம். நகரத்தில் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவருக்கே அது வேறு உலகம். முதல் தடவைக்குப் பிரைக்கஸ்டோலன் பொருத்தம்: உச்சி 604 மீட்டர், போய்வர 8 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் 4 மணி நேரம். கூட்டம் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூடாரத்தோடு இரண்டு நாள் போக நினைத்தால் ஹர்டாங்கர்விடாவின் ஓரங்களையோ ரொண்டானேயையோ சொல்வேன். ஹர்டாங்கர்விடா விரிந்த மேட்டுச் சமவெளி, செங்குத்து குறைவு. ரொண்டானே 1962-இல் அமைந்த நோர்வேயின் முதல் தேசியப் பூங்கா. மற்ற இடங்களைவிட மழை குறைவு, பாதைகளும் தெளிவு. பாதையின் தொடக்கத்தில் இருக்கும் பலகையில் நிறத்தைப் பாருங்கள்: பச்சை எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். முதல் வருடம் நீலத்தைத் தாண்ட வேண்டாம்.

"கண்ட இடத்தில கூடாரம் அடிச்சா பொலிஸ் பிடிக்காதோ? ஆரிட்ட அனுமதி கேக்கிறது?"

பெரும்பாலும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இயற்கையில் நடமாடும் உரிமை இங்கே எல்லோருக்கும் உண்டு. 'அல்லெமான்ஸ்ரெத்தன்' என்பார்கள், பொருள் 'எல்லோருடைய உரிமை'. 1957-ஆம் ஆண்டுச் சட்டமே அதை எழுதிவைத்திருக்கிறது. குடியுரிமை இருக்கிறதா, சுற்றுலாப் பயணியா என்ற வேறுபாடு கிடையாது. வந்த முதல் வருடம் இதைக் கேட்டபோது என்னால் நம்பவே முடியவில்லை.

நிபந்தனைகள் மூன்றைச் சொல்கிறேன். ஆட்கள் இருக்கும் வீட்டிலிருந்தோ குடிலிலிருந்தோ குறைந்தது 150 மீட்டர் தள்ளி அடிக்க வேண்டும். பயிர் நிலம், புல் வெட்டும் வயல், வீட்டு வளவு ஆகியவற்றில் அடிக்கக் கூடாது. ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்க நிலச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும், ஆனால் உயர்ந்த மலையிலும் குடியிருப்புகளுக்கு வெகு தொலைவிலும் இந்த வரம்பு இல்லை. கூட்டம் அதிகமான சில இடங்களில் உள்ளூர்த் தடை இருக்கலாம், அங்கே பலகை வைத்திருப்பார்கள்.

"கேம்ப் ஃபயர் போடாம என்ன கேம்பிங்?"

ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டை அண்டிய இடங்களிலும் நெருப்பு மூட்டத் தடை. தீப்பற்ற வழியே இல்லாத இடம் என்றால் மட்டும் விலக்கு. மரவரிசைக்கு மேலே, அதாவது மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்துக்கு மேலே, எரிக்க விறகும் கிடையாது. சமைக்க அடுப்பு, குளிருக்கு உடுப்பு.

"ஜீன்ஸும் காட்டன் டி-ஷர்ட்டும் போதாதா? மேலே ஒரு ஜாக்கெட் இருக்கே."

தயவுசெய்து வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து, ஈரத்தை உடம்போடு ஒட்டிவைத்திருக்கும். நடக்கும்போது தெரியாது. உச்சியில் பத்து நிமிடம் நின்றதும் பல் கிட்டித்துவிடும். ஈர ஜீன்ஸ் காய ஒரு முழு நாள் வேண்டும், அந்த நாள் மலையில் கிடைக்காது.

உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி, அதற்கு மேல் ஃப்ளீஸ் அல்லது தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேற்சட்டை, காற்சட்டை. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், இந்த நாட்டுக்காரர் அதை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஜூலையிலும் தொப்பியும் கையுறையும் பையில் இருக்கட்டும். ஒரு சோடி உலர்ந்த காலுறையை நீர் புகாத பையில் போட்டு, இரவுக்கென்றே வைத்திருங்கள். நடக்கையில் லேசாகக் குளிர்கிற அளவுக்கு உடுத்துவது சரி. நின்றவுடன் ஒன்றை மேலே போடுங்கள். குளிர்ந்த பிறகு போடுவதைவிட, குளிர்வதற்கு முன் போடும் உடுப்புக்குத்தான் பலன்.

"நல்ல விலை கொடுத்து ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். ஆனா ராத்திரி முழுக்க நடுங்கினேன். ஏமாத்திட்டாங்களா?"

இதைச் சொல்கிற பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் நான் திருப்பிக் கேட்பது: கீழே என்ன விரித்தீர்கள்? ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உங்கள் எடையில் நசுங்கிவிடும். நசுங்கிய இடத்தில் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் சூட்டைப் பிடித்துவைக்கவும் ஒன்றுமில்லை. தரை உங்கள் சூட்டை இரவெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே பாய்க்கும் பையளவுக்கு முக்கியத்துவம் உண்டு. பாயில் 'ஆர்' மதிப்பு என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், எண் கூடினால் தடுப்பும் கூடும். மலைக் கோடைக்கு 3-க்குக் குறையாமல் பாருங்கள்.

பையிலும் இரண்டு எண்கள் இருக்கும்: 'கம்ஃபர்ட்', அதாவது வசதியாகத் தூங்கக்கூடிய குளிர், 'லிமிட்', அதாவது தாங்கக்கூடிய எல்லை. கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் இரண்டாவதை. நீங்கள் பார்க்க வேண்டியது முதலாவதை, அது 0 பாகையோ அதற்குக் கீழேயோ இருக்கட்டும். அப்புறம், பசியோடு படுக்காதீர்கள். படுக்கும் முன் ஏதாவது கொழுப்பாகச் சாப்பிட்டு, சுடுநீரை இறுக்கி மூடிய போத்தலில் ஊற்றிக் காலடியில் வைத்துப் பாருங்கள்.

"கூடாரம் அடிக்க எந்த இடம் நல்லது? ஆத்தோரமா அழகா இருக்கே."

அழகாகத்தான் இருக்கும். ஆனால் பள்ளத்தின் அடியில் இரவுக் குளிர் வந்து தேங்கும், கூடாரத்தின் உள்ளே நீர் சொட்டும், மழை பெய்தால் ஆறு ஏறி வரும். ஆற்றிலிருந்து சில மீட்டர் உயரத்தில், ஒரு பாறையோ மேடோ காற்றை மறைக்கும் இடத்தைப் பாருங்கள். புல் தட்டையாகவும் பச்சையாகவும் மெத்தைபோல இருந்தால் அது சதுப்பாக இருக்கலாம், காலால் அழுத்திப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

மரவரிசைக்கு மேலே, அதாவது யூத்துன்ஹைமன் பக்கம் ஏறக்குறைய 1,100 மீட்டருக்கு மேலே, காற்றைத் தடுக்க எதுவும் கிடையாது. கூடாரத்தின் ஒடுங்கிய முனையைக் காற்று வரும் பக்கம் திருப்புங்கள். எல்லாக் கயிறுகளையும் கட்டுங்கள், வானம் தெளிவாக இருந்தாலும் கட்டுங்கள். நள்ளிரவில் மழையில் முளை தேடுவது கொடுமை. முளை இறங்காத பாறைத் தரையில் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டலாம், காலையில் அந்தக் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

"மூன்று நாளுக்குத் தண்ணியும் சாப்பாடும் எப்பிடிக் காவுறது?"

தண்ணீரைக் காவ வேண்டாம், அரை லீட்டர் போத்தல் ஒன்று போதும். மலை ஓடைகளில் ஓடும் நீரை இங்கே அப்படியே குடிக்கிறார்கள், நானும் குடிக்கிறேன். ஓடுகிற நீராக இருக்க வேண்டும், மேற்பக்கம் ஆடுகள் மேய்கிறதா, குடில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாலைப் போல வெளுத்த நீர் பனியாற்றிலிருந்து வருகிறது. பாறை அரைந்த தூள் கலந்திருக்கும், வேறு ஓடை கிடைத்தால் அதை எடுங்கள்.

சாப்பாட்டில் எடையும் எரிவாயுவும்தான் கணக்கு. சிவப்புப் பருப்பு கால் மணியில் வெந்துவிடும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, வறுத்து உலர்த்திய வெங்காயம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கலந்து பொட்டலம் கட்டுங்கள். கூஸ்கூஸுக்குக் கொதிநீர் ஊற்றி மூடிவைத்தால் போதும். அந்தக் குளிரில் அந்தப் பருப்பு தரும் சுகத்தை வீட்டில் எந்தக் கறியும் தந்ததில்லை. ஒன்று மறந்துவிடாதீர்கள்: அடுப்பின் எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது, கைப்பையிலும் முடியாது, பெரிய பையிலும் முடியாது. வந்திறங்கிய ஊரில் வாங்குங்கள்.

"நுளம்பு?"

வடக்கே ஃபின்மார்க் பக்கம் ஜூலையில் மேகம்போல வரும். தெற்கு மலைகளில் அவ்வளவு இல்லை. காற்று வீசும் மேட்டில் முகாமிட்டால் பாதித் தொல்லை போய்விடும். ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு குறையத் தொடங்கும். தலைக்கு ஒரு வலை எடுத்துச் செல்லுங்கள், எடை 30 கிராம்கூட வராது.

"கேட்கவே வெட்கமா இருக்கு… டாய்லெட்?"

வெட்கப்பட ஒன்றுமில்லை, கேட்காமல் போகிறவர்களால்தான் பாதையோரமெல்லாம் வெள்ளைத்தாள் பறக்கிறது. நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் குறைந்தது 50 மீட்டர் தள்ளிப் போங்கள். ஒரு சிறு மண்வாரியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, முடித்து மூடுங்கள். மேலே குளிரில் எதுவும் எளிதில் மக்காது, ஆகவே தாளை ஒரு பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

"என்னால கூடாரம் தூக்க ஏலாது, முதுகு நோகும். வேற வழி இருக்கோ?"

நல்ல வழி இருக்கிறது. 1868-இல் தொடங்கிய நோர்வே மலையேற்றச் சங்கம், டி.என்.டி. என்பார்கள், நாடெங்கும் 550-க்கு மேற்பட்ட மலைக்குடில்களை வைத்திருக்கிறது. சிலவற்றில் ஆட்கள் இருந்து இரவுச் சாப்பாடு சமைத்துத் தருவார்கள். சிலவற்றில் யாரும் இருக்கமாட்டார்கள், ஆனால் அலமாரியில் டின் உணவும் அரிசியும் இருக்கும். உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் சாவியால் திறந்து, எடுத்ததைச் சமைத்து, எடுத்ததற்கும் தங்கியதற்கும் நீங்களே கணக்கு எழுதிக் காசு கட்ட வேண்டும். பார்க்க யாருமில்லாத இடத்தில் நம்பிக்கையில் நடக்கிற ஏற்பாடு அது. நம் ஆட்களும் ஒரு குரோனர் குறையாமல் எழுத வேண்டும் என்பது என் ஆசை. போர்வை அங்கேயே இருக்கும், உள்ளே போட்டுப் படுக்க மெல்லிய துணிப்பை ஒன்று நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

"பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகலாமோ? கடைசிக்கு ஆறு வயசு."

கட்டாயம் கூட்டிப் போங்கள். ஒரு நாளைக்கு 5, 6 கிலோமீட்டர் போதும். குழந்தை நின்று பூச்சி பார்க்கும், ஓடையில் கல் எறியும், அதுதான் அதன் மலை. முந்தைய பதிலில் சொன்ன ஆளிருக்கும் குடில் ஒன்றை இலக்காக வையுங்கள். தோளில் தூக்கி வருகிற குழந்தையை அடிக்கடி தொட்டுப் பாருங்கள். நடக்கிற உங்களுக்கு வியர்க்கும், அசையாமல் இருக்கிற குழந்தை குளிர்ந்துபோகும்.

"கரடி, ஓநாய் வருமா?"

கோடை நடையில் கரடியைக் காண்பது மிக அரிது, பெரும்பாலும் கிழக்கு எல்லைப் பக்கம்தான் அவை இருக்கின்றன. நான் எச்சரிப்பது டோவ்ரேஃபெல் மலையிலுள்ள கஸ்தூரி எருதைப் பற்றி. கிரீன்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்ட இனம் அது. பார்க்க அசைவற்ற கம்பளிக் குன்று மாதிரி நிற்கும், கோபம் வந்தால் எந்த மனிதனாலும் ஓடித் தப்ப முடியாது. 200 மீட்டர் இடைவெளி விடுங்கள், பாதையிலேயே நின்றால் நீங்கள்தான் சுற்றிப் போக வேண்டும். கலைமான் கூட்டத்தைக் கண்டால் அசையாமல் நின்று போகவிடுங்கள். நாயோடு போகிறவர்கள் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது, அது சட்டம்.

"போன்ல மேப் இருக்கு. பேப்பர் மேப்பெல்லாம் இப்ப யார் பார்க்கிறாங்க?"

குளிரில் பேட்டரி இறங்கும், மழையில் தொடுதிரை கேட்காது, பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது. மூன்றும் ஒரே நேரத்தில் வருகிற இடம் மலை. 1:50,000 அளவுக் காகித வரைபடமும் திசைகாட்டியும் எடுத்து, வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து பழகுங்கள். போனிலும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும்.

மலையேற்றச் சங்கத்தின் பாதைகளில் கற்குவியல்களில் சிவப்பு 'டி' எழுத்து வரைந்திருக்கும். மூடுபனி இறங்கினால் ஒரு 'டி'-யிலிருந்து அடுத்தது தெரியும்வரை நகராதீர்கள். இருவர் இருந்தால் ஒருவர் குறியோடு நிற்க, மற்றவர் குரல் கேட்கும் தூரத்துக்குள் தேடலாம். கடைசியாகக் கண்ட குறிக்குத் திரும்ப வழி இருக்கும்வரை நீங்கள் தொலையவில்லை. புறப்படும் முன் எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

"ஆத்தில பாலம் இல்லை, மற்றப் பக்கம் போகவேணும். என்ன செய்யிறது?"

முதலில் நேரத்தைப் பாருங்கள். பனியும் பனியாறும் பகல் வெயிலில் உருகுவதால் பின்னேரத்தில் ஆறு பெருகும், விடிகாலையில் வடியும். மாலையில் இடுப்பளவு ஓடுவது காலையில் முழங்காலளவாக இறங்கியிருக்கலாம். ஆகவே கூடாரம் அடித்துக் காத்திருப்பதும் ஆறு கடக்கும் முறைகளில் ஒன்றுதான்.

கடப்பதென்றால் ஒடுங்கிய இடத்தை விட்டு அகன்ற இடத்தைத் தேடுங்கள். அகலமாக ஓடும் நீர் ஆழம் குறைந்தது. முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். சப்பாத்தோடு இறங்குங்கள், வெறுங்கால் வழுக்கும். நீர் வரும் பக்கம் பார்த்து, தடியை ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். வெளுத்த நீரில் அடி தெரியாது, அங்கே இரட்டிப்புக் கவனம். நீரின் அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டால் இறங்கவே வேண்டாம்.

"இடி மின்னல் வந்தா கூடாரத்துக்குள்ள இருந்தா பாதுகாப்புத்தானே?"

இல்லை. கூடாரம் மழையைத்தான் தடுக்கும். 2016 ஆகஸ்டில் ஹர்டாங்கர்விடாவில் ஒரே மின்னலில் 323 காட்டுக் கலைமான்கள் இறந்துகிடந்தன. அத்தனையையும் மின்னல் நேராகத் தொடவில்லை. தரையில் பாய்ந்த மின்சாரம் ஒரு காலால் ஏறி மறு காலால் இறங்கியது, கூட்டமாக நெருங்கி நின்றவை எல்லாம் விழுந்தன.

அதிலிருந்தே செய்ய வேண்டியது புரியும். முகடு, உச்சி, தனி மரம், நீர்க்கரை இவற்றை விட்டுத் தாழ்வான இடத்துக்கு இறங்குங்கள். ஒருவருக்கொருவர் தள்ளி இருங்கள். பாயை மடித்துப் போட்டு அதன்மேல் பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள், படுக்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள், 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். இதற்கெல்லாம் முன்பே, காலையில் வானிலை பார்த்து இடி சொல்லியிருந்தால் முகட்டுப் பாதையைத் தள்ளிப்போடுங்கள்.

"ஹெலிகொப்டர் வந்தா எவ்வளவு காசு கட்டவேணும்? அந்தப் பயத்திலதான் கூப்பிடாம இருந்தனாங்கள்."

இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு பதறியது. நோர்வேயில் மீட்கப்படுபவரிடம் மீட்புக்கு என்று பணம் கேட்பதில்லை. தேடி வருகிறவர்களில் பலர் செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்கள். உடம்புக்கு ஆபத்து என்றால் 113, வழி தவறினால் 112. 'யெல்ப் 113' செயலியை இறக்கி வைத்தால் அழைக்கும்போது உங்கள் இடமும் சேர்ந்து போகும். இருட்டிய பிறகு, உடம்பு விறைத்த பிறகு என்று தள்ளாதீர்கள். நடுங்குகிறவர் நடுங்குவதை நிறுத்தி, பேச்சுக் குழறி, "எனக்கு ஒண்டுமில்லை" என்று சொன்னால் அதுதான் மிக ஆபத்தான நிலை. ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுக்கவைத்து, உடனே கூப்பிடுங்கள்.

"உச்சிக்கு ஒரு மணித்தியாலம்தான் இருக்கு, மேகம் இறங்குது, கூட வந்த ஆக்கள் போகலாம் எண்டினம். நீங்கள் எண்டால் என்ன செய்வியள்?"

திரும்புவேன். 1952-இல் இங்கே மலைவிதிகள் என்று வகுத்தார்கள், 2016-இல் புதுக்கினார்கள். ஒன்பது விதிகள். எட்டாவது: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. கூட்டத்தில் ஒருவருக்குப் பயம் என்றால் எல்லோரும் திரும்புவது என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பேசிவைத்துவிடுங்கள். மேலே நின்று வாக்கெடுப்பு நடத்தினால் பயந்தவர் வாய் திறக்கமாட்டார்.

பெஸ்ஸெகன் என்ற மலைமுகட்டில் எனக்கு அது நடந்தது. யெண்டே ஏரியில் படகில் மெமுருபு போய், அங்கிருந்து முகட்டு வழியாக ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நடந்து திரும்புகிற பாதை. ஒடுங்கிய முகட்டுக்குச் சற்று முன்னால் காற்று எழுந்து, பாறை முழுதும் நனைந்துவிட்டது. என் தங்கை ஒன்றும் பேசாமல் என் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். வந்த வழியே மெமுருபுவுக்கு இறங்கினோம், மூன்று மணி நேரம் இருவரும் பேசவில்லை.

"பிறகு போனீங்களா?"

போனோம், இரண்டு வருடம் கழித்து, ஆகஸ்டில், அதே தங்கையோடு. முகட்டில் நின்றால் ஒரு பக்கம் பச்சையாய் யெண்டே, பனியாற்றுத் தூள் கலந்த நீர். மறுபக்கம் அதைவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் நீலமாய் பெஸ்வாத்னே ஏரி. காற்றே இல்லை. அவள் முன்னால் ஏறினாள்.